மூளையின் படம் புள்ளிக்கு மட்டுமா?



பரீட்சை நெருங்கியதும் உங்களிற் பலர் மூளையின் நெடுக்குவெட்டு முகத்தைப் பத்துத் தடவை வரைந்து பார்ப்பீர்கள். மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் எனப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொழில்களை மனனஞ் செய்வீர்கள். இது தவறன்று. ஆனால் இது மட்டும் போதாது என்பதே எமது கருத்து.

ஒரு பகுதியை உண்மையாக விளங்கிக்கொண்டீர்களா என்பதை அறிய ஒரு வினா போதும்: அப்பகுதி பழுதடைந்தால் மனிதனுக்கு என்ன நேரும்?

மருத்துவ உலகமும் மூளையை இவ்வழியிலேயே கற்றது. 1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற வைத்தியரிடம் ஒரு நோயாளி கொண்டுவரப்பட்டார். பிறர் பேசுவது அவருக்கு விளங்கியது. ஆனால் அவரது வாயிலிருந்து வந்ததோ "டான்" என்ற ஓர் ஒலி மட்டுமே. அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது, இடது மூளைய அரைக்கோளத்தின் நுதற்சோணையில் சிதைவு காணப்பட்டது. பேச்சை வெளிப்படுத்தும் இடம் அவ்வாறே அறியப்பட்டது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். இரவு உணவின்போது அம்மம்மாவின் வாய் திடீரென ஒரு பக்கம் கோணுகிறது. வலக்கை தூக்க முடியாமல் விழுகிறது. பேச்சுக் குழறுகிறது. "களைப்பாக இருக்கும், எண்ணெய் பூசிப் படுக்க வைப்போம், காலையில் பார்ப்போம்" என்கிறார்கள் வீட்டார். நீங்கள் படித்தது இப்போது பயன்பட வேண்டாமா? இயக்க நரம்பு நார்களிற் பெரும்பாலானவை நீள்வளைய மையவிழையத்தில் மறுபக்கம் கடக்கின்றன. எனவே வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் குழறினால், இடது அரைக்கோளத்துக்கான குருதி வழங்கல் தடைப்பட்டிருக்கலாம். இதுவே பாரிசவாதம். உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமேயான மூளை, உடல் பெறும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே குருதியின்றி அதன் கலங்கள் சில நிமிடங்களிலேயே இறக்கத் தொடங்கும். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணித்தியாலங்களுக்குள் ஏற்றப்பட வேண்டும். குருதிப்பெருக்கு இல்லையென்பதை அதற்கு முன்னர் ஸ்கான் மூலம் உறுதிசெய்யவும் வேண்டும். காலைவரை காத்திருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க வேண்டும்.

பனையிலிருந்து விழுந்தவரை நாலு பேர் கைகால் பிடித்துத் தூக்குவதும் நம்மூர் வழக்கம். முறிந்த முள்ளந்தண்டென்பு அசைந்தால் முண்ணாண் மேலும் சிதையும். முண்ணாணைப் படித்த மாணவன் அங்கே நின்று "அசைக்க வேண்டாம், பலகை கொண்டு வாருங்கள்" என்று சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டும்.

"இவையெல்லாம் மருத்துவ பீடத்திற் படிப்பவை, எமக்கு நேரமில்லை" எனச் சிலர் கூறலாம். அவ்வாறன்று. மூளி பழுதடைந்தவர் முடங்காமல் தள்ளாடுவது ஏன்? அப்பாதிப்பு மறுபக்கத்தில் அன்றிச் சேதமடைந்த அதே பக்கத்தில் தோன்றுவது ஏன்? நெஞ்சுப் பகுதியில் முண்ணாண் துண்டிக்கப்பட்டவரிடம் சில காலத்தின் பின் முழங்கால் தெறிவினை மீண்டும் தோன்றுவது எவ்வாறு? விடை தெறிவில்லிலேயே உள்ளது: அதற்கு மூளை தேவையில்லை. இவ்வாறு சிந்தித்தவருக்குப் பல்தேர்வு வினாவும் அமைப்புக் கட்டுரையும் அச்சந் தரா. மனனஞ் செய்தவரோ வினாவின் சொல் மாறினால் தடுமாறுவார்.

எனவே, உங்கள் குறிப்புக் கொப்பியில் பகுதி, தொழில் என்ற இரு நிரல்களுக்கு அருகே மூன்றாவது நிரலொன்றை வரையுங்கள். அதற்கு "பழுதடைந்தால்" எனத் தலைப்பிடுங்கள். அதனை நிரப்ப ஒரு மாலைப்பொழுது போதும். முதலிரு நிரல்களும் உங்களுக்குப் புள்ளிகளைத் தரும். மூன்றாவது, ஒருநாள் உங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.