முதல் துளை இறுக்கமாயிருக்கட்டும்



நம்முடைய ஆலயத்துக்கென்று பெஞ்சுகளைச் செய்யும் வாலிபரிடையே ஒரு வழக்கு எழும்பியிருக்கிறது. கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் அவர்கள் தனிக் கழுந்துகளால் இணைக்கிறார்கள். அதாவது, இரு கட்டைகளிலும் துளையிட்டு, தனியே செதுக்கிய மரத்துண்டை இரண்டுக்கும் நடுவே பசையோடு செருகுகிறார்கள். எல்லாத் துளைகளும் இறுக்கமாயிருக்கவேண்டும் என்கிறார்கள் சிலர். எல்லாம் சற்றுத் தளர்வாயிருந்தால் பூட்டுவது எளிது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறென்பதே என் எண்ணம்.

யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு கழுந்துகள் கட்டளையிடப்பட்டன. பலகையின் அகலம் ஒன்றரை முழம். அத்தனை அகலமானது ஒரே கழுந்தில் நின்றால் எளிதில் திரும்பிவிடும்; இரண்டு இருந்தால் நிலைத்து நிற்கும். ஆனால் இரண்டு கழுந்துகள் உண்டென்றால், இரண்டுக்கும் இடையேயுள்ள தூரமும் எதிர்க்கட்டையில் ஒத்திருக்கவேண்டும். அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினாலும், இறுக்கமான இணைப்பு மூடாது. சுத்தியலால் அடித்தால் துளையின் ஓரம் பிளக்கும். எல்லாத் துளைகளும் தளர்ந்திருந்தாலோ, கவ்வியை முறுக்கும்போது சட்டம் வழுக்கி விலகும்.

ஆகையால் முதல் துளையைக் கழுந்தின் அளவுக்கே வெட்டுங்கள். இடத்தை நிர்ணயிப்பது அதுவே. மற்றத் துளைகளை அகலவாட்டில் மாத்திரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டுங்கள். தடிமனில் ஒருபோதும் தளர்வு வேண்டாம். பசை பிடிப்பதும், முகங்கள் சமமாய் அமைவதும் அங்கேதான். எல்லா அளவுகளையும் ஒரே முகத்திலிருந்து எடுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இயந்திரப் பட்டறைகளில் உழைக்கும் சகோதரர்கள் அதை 'டேட்டம்' என்று அறிவார்கள். ஒரு கட்டையை மேல்முகத்திலிருந்தும் மற்றதைக் கீழ்முகத்திலிருந்தும் அளந்தால், இரண்டின் தடிமனிலுள்ள சிறு வேறுபாடும் இணைப்பில் படியாகத் தெரியும்.

பல ஊர்களிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து கூடியிருக்கிற சபை நாம். அஸ்திபாரமாகிய கிறிஸ்துவைப்பற்றி நமக்குள்ளே தளர்வு இருக்கலாகாது. ஆராதனையின் நேரம், பாட்டின் ராகம், ஊர் வழக்கம் ஆகியவற்றிலோ பிறருக்குச் சற்றே இடம் விட்டால்தான் நாம் பிளவாமல் இணைய முடியும்.

பெஞ்சில் சாய்ந்து உட்காரப்போகிறவர்கள் நம்முடைய முதிய தாய்மார். பசை இறுகியபின் திருத்த வழியில்லை. ஆதலால், பிரியமானவர்களே, பசை தடவுமுன் ஒருமுறை வெறுமனே பூட்டிப் பாருங்கள்.