அரசாங்கத்தின் மேல் கேஸ் போடலாம்

"போலீஸ் மேல, அரசாங்கத்து மேல கேஸ் போட்டு என்ன ஆகப்போகுது?" ஸ்டேஷனில் அடிபட்டு வந்தவனிடம் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது இதுதான். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் தவறாகச் சொல்கிறார்கள்.

அரசுக்கு இறையாண்மைக் காப்பு உண்டு, நஷ்டஈடு கேட்க முடியாது என்பார்கள். 1965 கஸ்தூரிலால் வழக்கைக் காட்டுவார்கள். மீரட் போலீஸ் ஒரு வியாபாரியிடம் கைப்பற்றிய தங்கத்தை ஏட்டே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். அரசு ஈடு தர வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். உண்மைதான். ஆனால் அது சிவில் வழக்கு. அடிப்படை உரிமை மீறலுக்காக அரசமைப்பின் 32, 226ஆம் பிரிவுகளின்படி ரிட் மனு போட்டால் அந்தக் காப்பு செல்லாது என்று 1993இல் நீலாபதி பெஹரா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த வழக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒடிசாவில் 1987 டிசம்பர் 1 அன்று திருட்டு விசாரணை என்று நீலாபதி பெஹராவின் 22 வயது மகனைப் போலீசார் கூட்டிப்போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு தப்பியவன் ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். உடலைப் பரிசோதித்த மருத்துவரோ, அவை ரயில் மோதிய காயங்கள் அல்ல, தடியால் அடித்தால் ஏற்படக்கூடியவை என்றார். தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க அரசுக்கு உத்தரவானது.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதியது ஒரு கடிதம்தான், அதுவே மனுவானது. எல்லாக் கடிதமும் மனுவாகிவிடாது. ஆனால் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தரச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

"பணத்தைக் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்கள்" என்பதும் சரியல்ல. நஷ்டஈடு வாங்கிய பிறகும் அடித்தவர்கள் மேல் குற்ற வழக்கு நடத்தலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

காலதாமதம் என்ற புகாரை மட்டும் என்னால் மறுக்க முடியாது. மகன் இறந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் அந்தத் தாய்க்குத் தீர்ப்பு கிடைத்தது. அதனால்தான் முதல் நாளே சாட்சியம் வேண்டும். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு வாங்குங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது அடித்ததைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.