பறக்கும் படையும் பலசரக்குக் கடைப் பணமும்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். வணிகர்களாகிய நமக்குத் திண்டாட்டம்.

பட்டாசு ஆலைகளில் சனிக்கிழமை கூலி போட்டால்தான் சிவகாசி, திருத்தங்கல் பக்கத்துப் பலசரக்குக் கடைகளில் பாக்கி வசூலாகும். அந்த ரொக்கத்தோடுதான் சில்லறைக் கடைக்காரர்கள் திங்களன்று விருதுநகருக்குப் பருப்பு, எண்ணெய், வத்தல், மல்லி கொள்முதலுக்கு வருகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது அப்படி வந்த நமது வாடிக்கைக்காரர் ஒருவரிடம் வழியில் 80,000 ரூபாய் பறிமுதலானது. அவரிடம் கட்சிக்கொடியும் இல்லை, கணக்குச் சீட்டும் இல்லை. வெறுங்கையோடு வந்து நின்றவருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்தனுப்பினோம். மூன்று வாரம் அலைந்தபின் பணம் திரும்பியது. வருகிற எல்லாருக்கும் இப்படிக் கடன் கொடுக்க மொத்தக் கடையால் இயலுமா?

சோதனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் விதி என்ன சொல்கிறது? தேர்தல் ஆணையத்தின் 29-5-2015 தேதியிட்ட நடைமுறை உத்தரவில், 50,000 ரூபாய் வரம்பு வேட்பாளர், அவருடைய முகவர், கட்சித் தொண்டர் செல்லும் வண்டியைக் குறித்தே எழுதப்பட்டுள்ளது. ஊரில் நடப்பதோ, யார் பையில் இருந்தாலும் பறிமுதல் என்பதே.

அதே உத்தரவின்படி, பறிமுதல் செய்யப்பட்ட ஒவ்வொரு தொகையையும் மூன்று அதிகாரிகள் கொண்ட மாவட்டக் குழு தானாகவே விசாரித்து, கட்சித் தொடர்பு இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும். வழக்குப் பதிவாகாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இங்கேதான் நமக்கு இடிக்கிறது. 2024-இல் நடத்தை விதி மார்ச் 16-இல் வந்தது. தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. ஆக, மார்ச்சில் பிடித்த பணம் ஏப்ரல் 26 வரை முடங்கினாலும் விதிப்படி தவறில்லை! கெடுவைப் பறிமுதல் தேதியிலிருந்து கணக்கிட்டு, வணிகர் பணத்தை மூன்று நாட்களில் விடுவிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நம் பங்குக்கும் கடமை உண்டு. ரொக்கத்தோடு கிளம்பும்போது வசூல் கணக்கின் நகல், வங்கியில் எடுத்த பணமானால் அதன் சீட்டு, ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று ஆகியவை பையில் இருக்கட்டும். வண்டியை நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம். பணத்தை எடுத்தால் ரசீது வாங்காமல் நகர வேண்டாம். மேல்முறையீடு செய்யும் முறை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதியே.

அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே நமது சங்கம் மாவட்ட ஆட்சியரைச் சந்தித்து இதற்கு ஆவன செய்ய வேண்டுகிறோம். பணம் போனபின் கடையடைப்பு நடத்தி என்ன பயன்?