சிங்கப்பூருக்குத் தமிழ் அதிபர்... சரி, தமிழ்ப் பிரதமர் எப்போ?

2023 செப்டம்பர் முதல் வாரத்துல உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நம்மில் பலர் தர்மன் சண்முகரத்னம் போட்டோவைப் போட்டு, ‘தமிழன்டா’ன்னு எழுதியிருப்போம். சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் 70.4% வாக்குகளோடு அவர் ஜெயித்த வாரம் அது. யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் வந்தவர்.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனா, ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிடும். அதுக்குப் பின்னால இருக்கிற கேள்வி இன்னும் அப்படியே இருக்கு. சிறுபான்மை இனத்திலிருந்து ஒருத்தர் மேலே வர, அவருக்குத் தனியா ஒரு நாற்காலி போடணுமா, இல்ல கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? இந்த ரெண்டையும் செய்து பார்த்த நாடு சிங்கப்பூர்.

ஒதுக்கிய நாற்காலி

சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சீனர்கள். மலாய்க்காரர்கள் சுமார் 13%, இந்தியர்கள் 9 சதவிகிதத்தை ஒட்டி. ‘அவங்கவங்க இனத்துக்கே ஓட்டுப் போட்டால் சிறுபான்மையினர் நாடாளுமன்றத்துக்கே வர முடியாதே’ என்ற கவலையில் 1988-ல் கொண்டு வந்ததுதான் குழுத்தொகுதி முறை. ஒரு கட்சி அந்தத் தொகுதியில் தனி ஆளை நிறுத்த முடியாது, ஒரு அணியைத்தான் நிறுத்தணும். அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவரா இருக்கணும்.

2016-ல் இதையே அதிபர் பதவிக்கும் நீட்டித்தாங்க. தொடர்ந்து ஐந்து பதவிக்காலம் ஓர் இனத்திலிருந்து யாரும் அதிபராகவில்லை என்றால், அடுத்த தேர்தல் அந்த இனத்துக்கு மட்டும். அப்படி மலாய் சமூகத்துக்கு ஒதுக்கிய 2017 தேர்தலில் ஹலிமா யாக்கோப் அதிபரானார். நாட்டின் முதல் பெண் அதிபர்.

ஆனா, மக்கள் வாக்களிக்கவே இல்லை. மற்ற விண்ணப்பதாரர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைக்காததால் அவர் போட்டியின்றித் தேர்வானார். அவருடைய அப்பா இந்திய முஸ்லிம் என்பதால், ‘அப்போ இவர் மலாய்க்காரர்தானா?’ன்னு வேற ஒரு விவாதம் ஓடிச்சு. திறமையான ஒரு பெண்மணிக்கு, ஜெயித்த நாளிலேயே ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற முத்திரை விழுந்தது. இடஒதுக்கீடு பற்றி நம்ம ஊர்ல நடக்கிற வாக்குவாதம் உங்களுக்கு ஞாபகம் வந்தால், ஆச்சர்யமில்லை.

திறந்த கதவு

2023 தேர்தல் யாருக்கும் ஒதுக்கப்படாதது. எதிர்த்து நின்ற இருவருமே சீனர்கள். தர்மனுக்குக் கிடைத்த சின்னம் அன்னாசிப்பழம். அது தற்செயல் இல்லை, அவரே தேர்ந்தெடுத்தது. ஹொக்கியன் சீன மொழியில் அன்னாசியின் பெயர், ‘அதிர்ஷ்டம் வருது’ன்னு ஒலிக்கும். பெரும்பான்மையின் மொழியிலேயே பேசி, அவங்க மனசைத் தொட்ட பிரசாரம் அது.

சொல்லப்போனால், இது புதுசும் இல்லை. 1981-ல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியைத் தோற்கடித்தவர் ஜே.பி.ஜெயரத்னம், ஒரு தமிழர். குழுத்தொகுதி முறையே அப்போ கிடையாது. தர்மனின் ஜூரோங் குழுத்தொகுதி 2015 பொதுத்தேர்தலில் 79.3% வாங்கியது. ஆளுங்கட்சிக்கு நாட்டிலேயே அதிக சதவிகிதம் கிடைத்த தொகுதி அது. சிறுபான்மையினர் சீன அமைச்சரின் தோளில் ஏறி வர்றாங்கன்னு சொல்வாங்க இல்லையா? அங்கே சீன வேட்பாளர்கள் ஒரு தமிழரின் தோளில் ஏறி வந்தாங்க.

அப்போ பிரதமர்?

இங்கேதான் கதை சிக்கலாகுது. சிங்கப்பூர் அதிபருக்கு நாட்டின் சேமிப்பு நிதியிலும் முக்கிய நியமனங்களிலும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை உண்டு. ஆனா, தினசரி ஆட்சி பிரதமர் கையில். லீ குவான் யூ தொடங்கி, 2024 மே மாதம் பதவியேற்ற லாரன்ஸ் வோங் வரை நான்கு பிரதமர்களும் சீனர்கள். மூத்த தலைமுறை சீனர் அல்லாத பிரதமருக்குத் தயாராக இல்லை என்று, அடுத்த பிரதமர் எனப் பேசப்பட்ட ஹெங் சுவீ கியட் 2019-ல் சொன்னார். நாடு தயார்தான் என்று 2023 பிரசாரத்தில் சொன்னார் தர்மன்.

ரெண்டு பேரில் யார் சரி? கவனிங்க... அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது மக்கள். பிரதமர் யார் என்பதை முதலில் முடிவு செய்வது கட்சிக்குள் இருக்கும் சிலர். மக்கள் தயாரா என்று கேட்கும் வாய்ப்பே வராமல், ‘மக்கள் தயாரில்லை’ன்னு மேலே இருப்பவங்களே முடிவு பண்ணிட்டா, அந்தக் கதவு எப்பவுமே திறக்காது. ஆபீஸ்லயும் இதே டயலாக்கைக் கேட்டிருப்பீங்க. ‘எனக்கு ஓகேதான், ஆனா கிளையன்ட் ஏத்துக்கணுமே!’

ஸ்டேட்டஸில் வராத தமிழர்கள்

வேலையிடத்தில் இன, மொழிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில்தான் நிறைவேற்றியது. அதிலும் 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. சமூக அளவில், 1991-ல் தொடங்கிய ‘சிண்டா’ அமைப்பு இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை பெற்று, பிள்ளைகளின் படிப்புக்கு உதவுது. நல்ல விஷயம். ஆனா, உதவிகூட இனவாரியாகப் பிரிந்திருக்கணுமா என்ற கேள்வி அங்கேயே இருக்கு.

இன்னொரு தமிழரும் அங்கே இருக்கார். உங்க ஊர்லேருந்து கட்டட வேலைக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணன். அவருக்கு ஓட்டு கிடையாது. சரக்கு லாரியின் பின்பக்கத்தில் உட்காரவைத்து தொழிலாளர்களை வேலைக்குக் கூட்டிப்போவது அங்கே இன்னமும் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. அதை நிறுத்தச் சொல்லி சிங்கப்பூர்வாசிகளே குரல் கொடுத்துட்டு இருக்காங்க.

ஒரே நாடு, ஒரே மொழி பேசும் இரண்டு பேர். ஒருவர் அதிபர் மாளிகையில், ஒருவர் லாரியில். நம்ம ஆள் மேலே போயிட்டா எல்லாமே மாறிடும் என்பது பாதி உண்மைதான். ‘என்னாலும் முடியும்’னு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை அது நினைக்க வைக்கும். அது பெரிய விஷயம். லாரியில் பாதுகாப்பான இருக்கையைப் போட, சட்டம்தான் வரணும்.

அடுத்த தடவை உலகத்தில் எங்கேயாவது ஒரு தமிழர் பெரிய பதவிக்கு வந்தால், தாராளமா ஸ்டேட்டஸ் போடுங்க. கூடவே ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. அந்தப் பதவிக்கு என்ன அதிகாரம் இருக்கு? அவர் வந்த பிறகு, அடுத்து வர்றவங்களுக்கு வழி லேசாச்சா?