எட்டு வீட்டுக்கு ஒரு கூரை

அம்பத்தூரில் வீடு என்று சொன்னால், ஒரு காலத்தில் அதில் நான்கு பக்கச் சுவரும், ஒரு கிணறும், இரண்டு மாமரமும் அடங்கியிருந்தன. 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. பிறகு தொழிற்பேட்டை வந்தது. பக்கத்தில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அங்கெல்லாம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய மனைகள் அவை. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-இல் ஆவடி தானே மாநகராட்சியாயிற்று. இப்பொழுது அந்த மனைகளில் பலவற்றில் எட்டு வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக நிற்கின்றன. பூந்தமல்லிச் சாலையிலும் இதே சங்கதிதான். மனை ஒன்று, சொந்தக்காரர் எட்டுப் பேர், மாமரம் இல்லை.

இந்த எட்டுப் பேரும் கூடி ஒரு சங்கம் வைத்துக் கொள்ளுகிறார்கள். தேசத்துக்குச் சுயராஜ்யம் கிடைத்தது போல மாடிப்படிக்கும் கிடைத்துவிட்டது என்று நாம் மகிழலாம். ஆனால் அந்தச் சுயராஜ்யத்தின் அரசியல் சட்டம் யாது என்று காரியதரிசியைக் கேட்டால், அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பில்லை எடுத்து நீட்டுகிறார்!

முதலாவது, நாம் வாங்கியது என்ன என்பதையே நம்மில் அநேகர் அறிந்தோமில்லை. இரண்டு கிரவுண்டு மனை என்றால் 4,800 சதுர அடி. எட்டு வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 600. இந்த 600 சதுர அடி எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஆகையால் அதற்குப் பிரிபடாத பங்கு என்று பெயர். நம் ராஜ்யத்தில் வெகுகாலம் இந்தப் பங்குக்கு மட்டும் கிரயப் பத்திரம் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்குக் கட்டட ஒப்பந்தம் எழுதிக் கொள்வதே வழக்கமாக இருந்தது. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்துதான் நிலப்பங்கையும் வீட்டையும் சேர்த்து ஒரே கிரயப் பத்திரமாகப் பதியும் முறை ஏற்பட்டது. பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் திறந்து, எட்டுப் பங்குகளையும் ஒரு தரம் கூட்டிப் பார்ப்பது நலம். கூட்டுத்தொகை 4,800-க்குக் குறைந்தால், மிச்சம் இன்னும் கட்டியவர் பேரிலோ பழைய நிலச் சொந்தக்காரர் பேரிலோ நிற்கிறது என்று பொருள். கட்டடம் நன்றாய் இருக்கும் வரையில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அதை இடிக்க வேண்டிய நாளில்தான் அந்த மிச்சம் வாய் திறந்து பேசும்.

கட்டியவரிடமிருந்து சங்கம் எதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பதை 2016-ஆம் வருஷத்து மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், எட்டு வீட்டுக்கு மேல் எழும்பும் புதுக் கட்டடங்களை அது நிச்சயமாகக் கட்டுப்படுத்தும். பெரும்பான்மையோர் வீடு பதிந்த மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய ஏற்பாடு செய்வது கட்டுபவரின் கடமை. கட்டட நிறைவுச் சான்று கிடைத்த 30 நாளுக்குள் வரைபடங்களையும் தஸ்தாவேஜுகளையும் அவர் ஒப்படைக்க வேண்டும். வீடு கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் குறை கண்டு தெரிவித்தால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் செப்பனிட வேண்டும். திறந்தவெளியில் வண்டி நிறுத்தும் இடம் பொது இடம் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. அதற்கும் முன்னரே, 2010 ஆகஸ்டில், பம்பாய்க் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கில், தூண்களுக்கு இடையிலுள்ள நிறுத்துமிடத்தைக் கட்டுபவர் தனியாக விலை பேச முடியாதென்று சுப்ரீம் கோர்ட்டு மகாராஷ்டிர சட்டத்தை வைத்துத் தீர்ப்பளித்தது. நமது புறநகரில் கீழ்த்தளத்துத் தூணில் ஒருவர் வர்ணம் பூசி நம்பர் எழுதிவிட்டால், அதுவே பட்டா ஆகிவிடுகிறது!

சந்தா விஷயத்துக்கு வருவோம். மாதம் 2,000 ரூபாய் வீதம் எட்டு வீடு கொடுத்தால் வருஷத்துக்கு 1,92,000 ரூபாய். சரக்கு சேவை வரி இவ்விடத்தில் தலைகாட்டாது. சங்கத்தின் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒருவர் சந்தாவும் மாதம் 7,500-ஐத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. அப்படித் தாண்டும் பெரிய குடியிருப்புகளில், முழுத் தொகைக்கும் வரி உண்டென்று 2019-இல் இலாகா சுற்றறிக்கை விட்டது. 7,500-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று 2021 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு கூறியது. 9,000 ரூபாய் சந்தாவுக்கு இந்த வித்தியாசம் மாதம் 1,620 ரூபாய்க்கும் 270 ரூபாய்க்கும் உள்ள தூரம்.

சிறு கட்டடங்களை உறுத்தியது வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் பொது விளக்குக்கும் மோட்டாருக்கும் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. கூக்குரல் எழுந்த பின், பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாமல் லிப்டும் இல்லாத கட்டடங்களுக்கு, 2023-இல் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. மூட்டு வலிக்காரர்களுக்காக லிப்டு வைக்கப் போகும் சங்கங்கள் இதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளட்டும்.

கொடுத்த சந்தா எங்கே போயிற்று என்று காட்டாத நிர்வாகத்தின்மேல் நமக்குள்ள கோபம் புதிதல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூர்க் கோயில் சுவரில் 921-ஆம் வருஷத்துப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஷரத்து இது. சங்கத்தின் விதிப் புத்தகத்தில் இதை அப்படியே எழுதிக் கொள்ளலாம். ஆனால் எட்டு வீட்டில் உறவினரையும் தள்ளிவிட்டால் காரியதரிசி வேலைக்கு ஆள் அகப்படுமா என்பது சந்தேகம்.

நிற்க. மேற்சொன்னவையெல்லாம் சண்டை போட்டுச் சமாதானமாகக் கூடிய விஷயங்கள். உயிரைத் தொடுவது ஒன்று உண்டு. அமெரிக்காவில், ப்ளோரிடா கடற்கரையில், 1981-இல் கட்டிய அடுக்குமாளிகை ஒன்று 2021 ஜூன் 24-ஆம் தேதி பின்னிரவில் சரிந்து 98 பேர் மாண்டனர். கட்டடத்தில் பழுது இருப்பதாக 2018-லேயே ஓர் எஞ்சினீயர் எழுதிக் கொடுத்திருந்தார். செலவுத் தொகையைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் மலைத்தார்கள், கூட்டங்கள் நடந்தன, நாட்கள் கழிந்தன. நமது போரூருக்குப் பக்கத்தில், மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28-ஆம் தேதி கட்டி முடியாத பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அது கட்டியவர்களைச் சேர்ந்த விபத்து. ப்ளோரிடாவிலோ தீர்மானம் செய்ய வேண்டியிருந்தது குடியிருந்தோரின் சங்கமே.

அம்பத்தூரிலும் முகப்பேரிலும் முப்பது வருஷத்தைக் கடந்த கட்டடங்கள் நிரம்ப உள்ளன. தாழ்வாரத்துக் காரை உதிர்கிறது. கம்பி துருப்பிடித்து வெளியே எட்டிப் பார்க்கிறது. முன்பெல்லாம் இடித்துக் கட்டச் சொந்தக்காரர் அனைவரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஏழு பேர் கையெழுத்திட, எட்டாமவர் வெளியூரில் இருந்துகொண்டு கடிதத்துக்குப் பதிலே போடாமல் இருப்பார். 1994-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2024-இல் அமலான 2022-ஆம் வருஷத்து அடுக்ககச் சொத்துரிமைச் சட்டம் இதை மாற்றி, மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும் என்றது. எட்டு வீட்டில் ஆறு பேர். இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் மிஞ்சிய இருவர் எப்போதும் பிடிவாதக்காரர்கள்தாம் என்று நாம் நினைக்கவில்லை. பென்ஷன் ஒன்றையே நம்பித் தரைத்தளத்தில் தனியே வாழும் விதவைத் தாயார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். புது வீடு எழும்பும் வரை எங்கே குடியிருப்பது, வாடகை யார் தருவது, வேலை பாதியில் நின்றால் யாரைப் பிடிப்பது என்று அவர் கேட்பார். இவை நியாயமான கேள்விகள். வாடகைத் தொகையையும், அது எத்தனை மாதம் வரும் என்பதையும், வேலை பிந்தினால் நஷ்டஈடு இவ்வளவு என்பதையும், புதுக் கட்டடத்தில் அவருடைய நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்பதையும், ஆறு பேரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் ஷரத்தாக எழுதி, அந்த அம்மாளுக்குத் தமிழில் படித்துக் காட்டட்டும். வாடகைப் பணத்துக்குக் கட்டுபவரிடமிருந்து பாங்கு உத்தரவாதமும் வாங்கி வைக்கட்டும். அதன் பிறகு அவருடைய கையெழுத்தைக் கேட்கப் போகலாம்.