சித்தாள் கையில் கரண்டி

கட்டட வேலை நடக்கிற எந்த இடத்தையும் நின்று பாருங்கள். செங்கல், மணல், ஜல்லி, கலவை எல்லாமே பெண்ணின் தலை வழியாகத்தான் மேலே போகின்றன. சும்மாடு வைத்து, பாண்டு தூக்கி, சாரம் ஏறி இறங்கி அந்த வீட்டையே அவர்தான் சுமக்கிறார். சுவரில் கல் வைக்க மட்டும் அவருக்கு இடமில்லை. அவரோடு வேலைக்குச் சேர்ந்த பையன் நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவர் தலை நரைத்த பிறகும் சித்தாள்தான். கூலியும் சித்தாள் கூலிதான்.

இந்த ஆதங்கம் எனக்கு வெகுநாளாக உண்டு. இப்போது எழுதக் காரணம், எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் எடுத்திருக்கும் முடிவு. கணவரை இழந்து, கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒருவருக்குத் தாங்களே நின்று வீடு கட்டித்தரப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போகிறேன்.

பெண்கள் கூடி ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டுவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் சார்லட் நகரில் 1991-ல் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் வழியாகப் பெண்களே ஒரு வீட்டைக் கட்டி முடித்தார்கள். பிறகு அது தனித் திட்டமாகவே வளர்ந்தது. சுத்தியல் பிடித்தறியாதவர்களுக்கு அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீடு பெறும் குடும்பமும் தன் உழைப்பைப் போட வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. நல்ல விதி. நாளைக்கு அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் தலைகுனிந்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால், நாம் பாடம் கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். கீழத்தஞ்சைக்குப் போனால் போதும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த, தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதைக் கேட்டுத் துடித்துப்போய் அந்த மண்ணுக்கே போனவர்கள் காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு ஏக்கர் வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தார்கள். அப்புறம்தான் வீடு. வயல் வேலை இல்லாத காலத்தில் அந்தக் குடும்பங்களே செங்கல் அறுத்தன. மண் குடிசை இருந்த இடத்தில் கல் வீடு எழுந்தது. 2008-ல் அந்தத் தம்பதிக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தபோது கிருஷ்ணம்மாளுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அப்போதும் அவர் பேச்சில் குடிசைகளை வீடாக்குவதுதான் இருந்தது. முதலில் நிலம், அதுவும் பெண் பெயரில், பிறகு சுவர். இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வடசென்னையில் இது இன்னும் முக்கியம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் உண்டு. புறம்போக்கில் எழுப்பும் சுவருக்கு எந்த நேரமும் நோட்டீஸ் வரலாம். அரசு வாரியக் குடியிருப்பு கிடைத்தவர்களும் நிம்மதியாக இல்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் கிராமத்தெருவில் வாரியக் கட்டடம் ஒன்று 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைப் பார்த்து எல்லாரும் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. உயிரைத் தவிர வேறொன்றையும் எடுக்க முடியவில்லை.

கடலோரத்தில் கட்டுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருக்கும். பருத்தால் கான்கிரீட் பெயர்ந்து விழும். அதனால் கம்பிக்கு மேல் கான்கிரீட் கனமாக மூட வேண்டும். உப்புத் தண்ணீரில் கலவை போடவே கூடாது. போட்ட கான்கிரீட்டை ஒரு வாரத்துக்குக் குறையாமல், இப்போதைய கலப்பு சிமெண்ட் என்றால் பத்து நாளாவது, ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். முதல் நாள் பூமிபூஜைக்கு வருகிற கூட்டம் பத்தாம் நாள் வாளியோடு வராது. தொண்டு என்பது அந்தப் பத்தாம் நாள் வாளிதான்.

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தபோது, சுவரையும் தரையையும் நாள் கணக்கில் தேய்த்தவர்கள் பெண்கள். வீட்டை மீட்டெடுக்கும் வேலையை யாரும் அவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டியைத்தான் தரவில்லை.

டோல்கேட் அருகே காலையில் கூலி வேலைக்கு நிற்கும் ஒரு அக்காவிடம் இந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். “கல்லு வைக்க எனக்குத் தெரியும்மா. இத்தினி வருஷமா பாக்குறேனே. யாரு வுடுறா?” என்றார். தூக்குக்குண்டு பார்ப்பது, நூல் பிடிப்பது, ரசமட்டம் வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை.

கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் கட்டுமானக் குழுக்களாகச் சேர்ந்து வீடுகளை முழுதாகக் கட்டித் தருகிறார்கள். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டப் பயிற்சி பெற்ற பெண்களை ‘ராணி மிஸ்திரி’ என்று ஊரே அழைக்கிறது. இங்கே மட்டும் ஏன் முடியாது?

எனவே, வீடு கட்டக் கிளம்பியிருக்கும் என் தோழிகளுக்கும், இதைப் படித்துவிட்டுக் கிளம்பப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைக்கால் தோண்டும் முன் பட்டா அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தாலுகா அலுவலகத்துக்கு அவரோடு நடப்பதுதான் உங்கள் முதல் வேலை. கம்பி கட்டவும் தளம் போடவும் தேர்ந்த ஆள் வையுங்கள். அதில் ஆர்வம் மட்டும் போதாது. பாண்டை நீங்கள் தூக்குங்கள். சுவர் எழுப்ப டோல்கேட் அக்காவைப் போன்ற சித்தாள்களைக் கூப்பிட்டு, கரண்டியைக் கையில் கொடுத்து, கொத்தனார் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.