தாயின் மனதையும் விசாரிப்போம்

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் நடத்தி, 2002-இல் வெளியான ஆய்வு இது: பிரசவத்துக்குப் பின் நூற்றுக்குச் சுமார் 11 தாய்மாருக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டது. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு பிணக்கு, ஒத்தாசைக்கு ஆளில்லாதது ஆகியவை அந்த அபாயத்தைக் கூட்டின.

பேற்றுக்குப் பிந்தைய ஓய்வும் எல்லாத் தாய்மாருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. ஆம்பூர் காலணி ஆலைப் பெண்களுக்கு முதல் இரு பேறுகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு. வீட்டிலிருந்தே கூலிக்கு ஷூ மேல்பாகம் தைப்பவர்களுக்கோ அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை.

தடுப்பூசி நாளில் குழந்தையின் எடையைப் பார்க்கும் செவிலியர், தாயின் தூக்கத்தையும் மனநிலையையும் விசாரிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். கணவன்மாரே, இரவில் குழந்தையை நீங்களும் ஏந்துங்கள். துயரம் நீடித்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.